டீச்சரிடம் கேளுங்கள்: தலைப்பிரட்டை வீட்டில் வளருமா?

ஐப்பசி மழை இறங்கியதும் இந்தப் பகுதிக்குத் தவளைக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த வருடம் கட்டு கொஞ்சம் கனம். பணியில் இருந்த காலம் முழுக்க உயிரியல் பாடம் எடுத்தவள், இப்போதும் கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டியைத் தலைப்பிரட்டைகளுக்கென்றே விட்டுவைத்திருப்பவள் என்பதால், இதழின் ஆசிரியர் குழுவினர் மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். பதில் வரவில்லையே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்வி வேறு ஊர்ப் பெயரில் உள்ளே இருக்கும்.

டீச்சர், என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். வயலோரம் தேங்கிய தண்ணீரிலிருந்து ஒரு பாட்டில் நிறையத் தலைப்பிரட்டை பிடித்து வந்திருக்கிறான். கொண்டுபோய் விட்டுவிடு என்றால் அழுகிறான். எதில் வைப்பது, என்ன தண்ணீர் ஊற்றுவது?
– ஒரு அம்மா, மன்னார்குடி

முதல் வேலை, ஐந்தாறை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்த குட்டையிலேயே விட்டுவிடுவது. பையனையும் கூட அழைத்துப் போங்கள். அதிகம் இருந்தால் வளர்த்தி குன்றும், தண்ணீர் சீக்கிரம் கெடும், ஒன்று செத்தால் மற்றதும் சாகும். ஒரு தேரை ஆயிரக்கணக்கில் முட்டை இடுகிறது என்பதால் நமக்கும் அள்ளிக்கொண்டு வரத் தோன்றுகிறது. அத்தனையும் பிழைக்காது என்றுதான் அது அத்தனை இடுகிறது.

அடுத்தது பாத்திரம். பாட்டில் வேண்டவே வேண்டாம். கழுத்து குறுகல், காற்றுப் படும் இடம் குறைவு. மாவு கரைக்கிற அகலமான பிளாஸ்டிக் பேசின் போதும். தண்ணீர் அரைச் சாண் உயரம் இருந்தால் தாராளம். செம்பும் பித்தளையும் கூடாது. செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று இப்போது எல்லார் வீட்டு மேஜையிலும் ஒன்று இருக்கிறது, ஆனால் தலைப்பிரட்டைக்குச் செம்பு விஷம். துளியூண்டு கரைந்தாலே போதும். புதுச் சிமெண்டுத் தொட்டியும் ஆகாது. அதன் காரம் இறங்கும்வரை சில வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துவிட்டுத்தான் உயிரை விட வேண்டும்.

தண்ணீர், அது இருந்த குட்டையின் தண்ணீரே. ஒரு வாளி கொண்டு வந்து வைத்துக்கொள்ளுங்கள், மழைத் தண்ணீர் பிடித்து அதோடு சேர்த்துக்கொள்ளலாம். முதல் மழை மட்டும் வேண்டாம், அது மொட்டைமாடியைக் கழுவிக்கொண்டு வரும். வாரம் இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கை முகந்து ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மொத்தமாகக் கொட்டி, பேசினைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பளிச்சென்று வைக்கிற பழக்கம் சமையலறையோடு இருக்கட்டும். பேசினின் ஓரத்தில் ஏறும் பச்சைப் பாசிதான் அவற்றின் சாப்பாடு. குட்டையில் கிடந்த பாசி பிடித்த கல் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்து போடுங்கள்.

வைக்கும் இடம் தாழ்வாரம். காலை வெளிச்சம் கொஞ்சம் படலாம். உச்சி வெயில் பிளாஸ்டிக் பேசினில் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் வெந்நீராகிவிடும்.

அடுக்குமாடி வீடு. குழாய்த் தண்ணீரில் விட்டேன், மறுநாள் காலையில் எல்லாம் மிதந்தன. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.
– ஒரு அப்பா, வேளச்சேரி

தெளிவாக இருந்ததுதான் காரணம் சார். கிருமி சாகக் கலக்கிற குளோரின் செவுளையும் சும்மா விடாது. தலைப்பிரட்டைக்குச் செவுளும் மெல்லிய தோலும்தான் மூச்சு. குழாய்த் தண்ணீர்தான் வழி என்றால் அகலமான பாத்திரத்தில் பிடித்து, மூடாமல், ஒன்றரை நாள் பால்கனியில் வைத்துவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் உப்புச்சத்து அநேகமாக மிஞ்சுவதில்லை. கிணற்றுத் தண்ணீர் இருந்தால் நல்லது. கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுங்கள், காற்றுக் கலக்கும். புதுத் தண்ணீரில் விடும்போது, இருக்கிற தண்ணீரோடு ஒரு டம்ளரில் எடுத்து அந்த டம்ளரைப் பேசினில் கால் மணி நேரம் மிதக்க விட்டுப் பிறகு கவிழ்த்தால் சூடு மாறிய அதிர்ச்சி இருக்காது.

மூன்று வேளையும் சோறும் பிரெட்டும் போடுகிறோம். தண்ணீர் நாற்றம் எடுக்கிறது. பாட்டி, "கல்லுக்குள் இருக்கிற தேரைக்கே படியளக்கிறவன் இதுக்கும் படியளப்பான், நீங்க போடாதீங்க" என்கிறார். யார் சொல்வது சரி?
– இரண்டு சகோதரிகள், பட்டுக்கோட்டை

பாட்டிதான். உங்கள் பேசினில் ஏற்கெனவே பாசி வடிவில் படி அளந்தாகிவிட்டது. நீங்கள் போட்ட சோறு புளித்து, தண்ணீரில் இருந்த கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் தின்றுவிட்டது. இத்தனை வருடம் எனக்கு வந்த "ஏன் செத்தது" கடிதங்களில் பட்டினியால் செத்த தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை. விருந்தால் செத்தவைதான் நிறைய.

முட்டையிலிருந்து வந்த புதிதில் அது எதுவும் தின்னாது. தாடைக்கு அடியில் உள்ள ஒட்டும் உறுப்பால் செடியிலோ பாத்திரத்திலோ ஒட்டிக்கொண்டு, வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவிலேயே ஓட்டிவிடும். அப்போது கழுத்தோரம் சிறு இறகாக வெளிச்செவுள் தெரியும், பிறகு அதைத் தோல் மூடிவிடும். நீந்தத் தொடங்கிய பிறகுதான் சாப்பாடு. ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டு அடியிலிருந்து பாருங்கள். வாயில் கறுத்த அலகு ஒன்றும், அதைச் சுற்றி வரிசை வரிசையாகப் பொடிப் பற்களும் இருக்கும். பாசியைச் சுரண்டத்தான் அவை. அப்படியே வயிற்றைப் பாருங்கள், தோல் வழியே குடல் கொசுவத்திச் சுருள் மாதிரி சுற்றிக் கிடப்பது தெரியும். இலைதழை தின்கிற உயிருக்கு அத்தனை நீளக் குடல் வேண்டும். தவளையானதும் பூச்சி தின்னப் போகிறது, அப்போது இந்தக் குடல் சுருங்கிவிடும்.

பாசி போதவில்லை என்று தோன்றினால் உப்புப் போடாமல் வேகவைத்த பசலையோ அரைக்கீரையோ, ஐந்தாறு குஞ்சுக்கு ஒரு இலை. மறுநாள் மாலை மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பின்கால் முளைத்தபிறகு, மிளகளவு வெந்த முட்டை மஞ்சள் கரு அல்லது ஒரு சிட்டிகை மீன் தீனி எப்போதாவது போடலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உடம்பு கண்ணாடியாக இருந்து, நடுத்தண்ணீரில் அசையாமல் தொங்கினால் அது குறுவாய்த் தவளையின் குஞ்சு, அறிவியல் பெயரில் மைக்ரோஹைலா. அதற்கு அலகும் கிடையாது, பல்லும் கிடையாது. தண்ணீரை வடிகட்டி நுண்பாசி தின்னும். கீரை போட்டால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பச்சை பூத்த குட்டைத் தண்ணீர் இல்லாமல் அதை வளர்க்க முடியாது, விட்டுவிடுவதே நல்லது.

தினமும் எண்ணுகிறேன், தினமும் ஒன்றிரண்டு குறைகிறது. செத்த உடலும் இல்லை. பூனை, காக்கை வர வழியில்லை. மூடி போட்டிருக்கிறேன்.
– ஓய்வு பெற்ற தபால்காரர், திருவையாறு

திருடன் மூடிக்கு உள்ளேயே இருக்கிறான் ஐயா. தொட்டியில் குளத்துச் செடி போட்டிருப்பீர்கள், அதோடு தட்டான் குஞ்சு வந்திருக்கும். மண் நிறத்தில், ஆறு காலோடு, இறக்கை இல்லாமல் அடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதன் கீழுதடு மடிந்து முகத்துக்கு அடியில் கிடக்கும். இரை பக்கத்தில் வந்தால் அந்த உதடு சட்டென்று நீண்டு, நுனியில் உள்ள கொக்கிகளால் பிடித்து வாய்க்குள் இழுத்துவிடும். செடியை ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு அலசிப் பாருங்கள், ஓடுகிறவன் அகப்படுவான். அவனையும் கொல்ல வேண்டாம், குளத்தில் விடுங்கள். கொசு தின்னும் தட்டானாகப் பறக்கப் போகிறவன்.

செடி போடவில்லை என்றால் இன்னொரு சந்தேகம். மழைக்காலத்தில் உடம்பு மஞ்சளாகி, தொண்டையில் இரண்டு நீலப் பைகளை ஊதிக் கத்துகிற பெரிய தவளை இருக்கிறதல்லவா, அதன் குஞ்சுகள் மாமிசம் தின்பவை. மற்றத் தலைப்பிரட்டைகளையும் தின்னும், தங்கள் கூட்டத்தையும் தின்னும். எல்லாவற்றையும்விட உருவத்தில் பெரிதாக ஒன்று கொழுத்துத் திரிந்தால் அதைத் தனியே பிரித்துவிடுங்கள்.

ஆண் தலைப்பிரட்டை, பெண் தலைப்பிரட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?
– கல்லூரி மாணவர், விருத்தாசலம்

வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வளர்ந்து ஒரு மழைக்காலத்தில் கத்தினால் ஆண்.

எங்கள் ஊர்க் குட்டையில் கறுப்புத் தலைப்பிரட்டைகள் கூட்டம் கூட்டமாகவே போகின்றன. பழுப்பு நிறத்தவை தனித்தனியே திரிகின்றன. ஏன்?
– மாணவர், ஒன்பதாம் வகுப்பு, அறந்தாங்கி

நன்றாகக் கவனித்திருக்கிறாய் தம்பி. கறுப்புக் கூட்டம் வீட்டுத் தேரையின் குஞ்சுகள். தேரை முட்டையைக் கட்டி கட்டியாக இடாது, நீளமான நூல் சரமாக இட்டுச் செடிகளில் சுற்றிவிடும். குஞ்சுகளின் உடம்பில் கசப்பும் விஷமும் உண்டு. பலதும் தொட அஞ்சுகிறவை ஒளிய வேண்டியதில்லை, கும்பலாகவே திரியலாம். தார்வாடில் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் சைதாபூரும் கிரீஷும் இந்தக் குஞ்சுகளை வைத்துச் சோதனை செய்தார்கள். இரண்டு பக்கம் இரண்டு கூட்டத்தை வைத்தால், கூடப் பிறந்தவை இருக்கும் பக்கமே குஞ்சு அதிக நேரம் நிற்கிறது. 2000த்தில் கட்டுரையாக வந்தது. பழுப்பு நிறத்தவை பெரும்பாலும் வயல் தவளைக் குஞ்சுகள். அவை சேற்றோடு சேறாகக் கிடந்து தப்பிக்கிறவை.

பின்கால் வந்தபோது வீடே கொண்டாடியது. போன வாரம் முன்காலும் வந்துவிட்டது. அன்றிலிருந்து சாப்பிடவே இல்லை, இளைத்துக்கொண்டே போகின்றன. நேற்று ஒன்று செத்து மிதந்தது. டாக்டரிடம் காட்டலாமா?
– ஒரு குடும்பம், நாகர்கோவில்

டாக்டர் வேண்டாம், ஒரு ஓட்டுத் துண்டு வேண்டும். செத்தது நோயால் அல்ல, மூழ்கி. தண்ணீரில் பிறந்தது தண்ணீரில் மூழ்குமா என்று கேட்பீர்கள். மூழ்கும். முன்கால் வந்த நேரத்தில் செவுள் மறைந்துகொண்டிருக்கிறது, நுரையீரல் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. வாலும் இருக்கிறது, காலும் இருக்கிறது, இரண்டையும் வைத்துச் சரியாக நீந்தவும் தெரியாது. ஏறி நிற்க இடம் இல்லாவிட்டால் வழவழப்பான பேசின் சுவரை முட்டி முட்டிக் களைத்துப் போகும். வீட்டில் வளரும் தலைப்பிரட்டைகளில் பலவும் இந்த நாட்களில்தான் போகின்றன. அதுவரை ஒரு மாதம், ஒன்றரை மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்களுக்கு இது பெரிய வயிற்றெரிச்சல்.

அதனால் பின்கால் மடங்கி உதைக்கத் தொடங்கியதுமே தயாராகிவிடுங்கள். தண்ணீரை ஒரு விரற்கடை அளவுக்குக் குறையுங்கள். பேசினின் ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல் வைத்துச் சாய்த்தால் ஒரு மூலை குளமாகவும் எதிர் மூலை கரையாகவும் ஆகிவிடும். கரையில் ஈர மணல், உடைந்த ஓட்டுத் துண்டு, கவிழ்த்த கொட்டாங்கச்சி. கொட்டாங்கச்சியின் விளிம்பில் ஒரு ஓரம் உடைத்து வழி விட்டால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். என் தொட்டியில் இதைவிட நல்ல வீடு நான் இதுவரை கொடுத்ததில்லை.

பேசின்மேல் பழைய கொசுவலையைக் கட்டுங்கள். நனைந்த குஞ்சு செங்குத்துச் சுவரிலும் ஒட்டி ஏறிவிடும். காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடப்பதைக் குழந்தைகள் பார்க்க வேண்டாம்.

சாப்பாடு? ஒன்றும் வேண்டாம். போட்டாலும் தின்ன முடியாது. பாசி சுரண்டிய அலகு விழுந்துவிட்டது, வாய் கிழிந்து அகன்றுகொண்டிருக்கிறது. முதலில் மூக்குக்குக் கீழே ஒரு புள்ளியாக இருந்த வாய், சில நாளில் கண்ணுக்குப் பின்னால்வரை போய்விடும். அதுவரை வால்தான் சாப்பாடு. மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், வெப்பத்தைப் பொறுத்து. இளைப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

இந்த நாட்களில் தவறவிடக் கூடாத காட்சி ஒன்று உண்டு. முன்கால் பின்கால் போல வெளியே மொட்டாக முளைப்பதில்லை. செவுளை மூடிய தோலுக்கு உள்ளேயே, விரல் முதல் முழங்கை வரை முழுதாக வளர்ந்து, மடித்து வைத்திருக்கும். வெளிவருவதற்கு முதல் நாள் கன்னத்துக்குப் பின்னால் ஒரு புடைப்பு தெரியும். அது முழங்கை. உற்றுப் பார்த்தால் உள்ளிருந்து தள்ளுவது தெரியும். உடலின் இடது பக்கத்தில் செவுள் தண்ணீர் வெளியேறும் சிறு துளை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் இடது கை அந்தத் துளை வழியாகவே வந்துவிடும். வலது கைக்குத் துளை கிடையாது, தோலைப் பிளந்துகொண்டுதான் வர வேண்டும். ஒரு கை மட்டும் வெளியே இருக்கும் சில மணி நேரத்தில் பலர் ஊனம் என்று நினைத்து எனக்கு எழுதிவிடுகிறார்கள். கடிதம் எனக்கு வந்து சேர்வதற்குள் இன்னொரு கையும் வந்திருக்கும்.

டீச்சர், வால் பல்லிக்கு மாதிரி அறுந்து விழுமா? பேசின் முழுக்கத் தேடினேன், ஒரு வால்கூடக் கிடைக்கவில்லை.
– மாணவி, ஏழாம் வகுப்பு, தென்காசி

தேடிப் பார்த்தாய் பார், அதற்கே உனக்கு முழு மதிப்பெண் போடலாம். வால் விழுவதில்லை கண்ணு, கரைகிறது. வாலில் உள்ள தசை, நரம்பு, தோல் எல்லாம் உள்ளிருக்கும் நொதிகளால் செரிக்கப்பட்டு, ரத்தத்தில் கலந்து, கால் வளரவும் உடம்பு ஓடவும் செலவாகிறது. அதனால்தான் உன் பேசினில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இதற்குக் கட்டளை கொடுப்பது தைராய்டு சுரப்பி. 1912இல் குடர்னாட்ஷ் என்பவர் குதிரையின் தைராய்டைத் தலைப்பிரட்டைகளுக்குத் தீனியாகப் போட்டார். அவை வளரக்கூடக் காத்திராமல் சின்னஞ்சிறு தவளைகளாக மாறிவிட்டன. 1916இல் ஆலன் என்பவர் இதைத் திருப்பிச் செய்தார். தைராய்டை எடுத்துவிட்ட தலைப்பிரட்டை பெரிதாகிக்கொண்டே போனது, தவளையாகவே இல்லை. தைராய்டு நீர் சுரக்க அயோடின் வேண்டும். உடனே அடுப்படிக்கு ஓடி அயோடின் உப்புப் பாக்கெட்டைக் கவிழ்த்துவிடாதே, உப்பே அதைக் கொன்றுவிடும். குட்டைத் தண்ணீரிலும் பாசியிலும் இருக்கிற அயோடின் அதற்குப் போதும்.

வீட்டில் தேரை வளர்க்கக் கூடாது, குழந்தை மேல் பாய்ந்தால் பிள்ளை மெலிந்துவிடும், தொட்டால் மரு வரும், தென்னை மரத்தடியில் இருந்தால் தேங்காய் கெடும் என்கிறார் மாமியார். எதிர்த்துப் பேச முடியவில்லை.
– ஒரு மருமகள், பொள்ளாச்சி

எதிர்த்துப் பேச வேண்டாம், இந்தப் பக்கத்தை மேஜையில் திறந்து வைத்துவிடுங்கள்.

பிள்ளை மெலிவது சத்துக் குறைவால், அல்லது உள்ளே வேறு நோயால். தேரை பாய்ந்தது என்று மந்திரித்துக்கொண்டிருந்து, குழந்தையை மருத்துவரிடம் தாமதமாகக் கொண்டுபோகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அங்கேதான். மரு ஒரு வைரஸால் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது, தேரையின் முதுகில் இருப்பது அதன் சுரப்பிகள். தேரை தென்னை ஏறிப் போய்த் தேங்காயை மோப்பதில்லை, பருப்பு வைக்காத காய்க்கு மரத்தின் சத்தையும் பூச்சியையும் பார்க்க வேண்டும்.

ஆனால் மாமியார் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. தேரையின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு தடித்த சுரப்பிகள் உண்டு, அதில் வருவது விஷம்தான். தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். முட்டையிலும் குஞ்சிலும்கூட அது உண்டு. அதனால் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பேசின் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பேசின் தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்ற வேண்டாம், செடிக்கு ஊற்றுங்கள்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு மேலே வெள்ளையாக நுரை ஒட்டியிருக்கிறது. யாரோ சோப்பு நுரை பூசியதுபோல் இருக்கிறது. கழுவிவிடலாமா?
– வாசகி, சேலம்

பொறுங்கள், அது தொட்டில். உங்கள் குளியலறைச் சுவரில் இரவில் ஒட்டிக்கொண்டு பயமுறுத்துகிற அந்தப் பழுப்பு மரத்தவளை கட்டியது. முட்டையிடும்போது வெளிவரும் திரவத்தைப் பின்காலால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டைகளைப் புதைத்து வைக்கும். வெளிப்புறம் காய்ந்து ஓடாகும், உள்ளே ஈரம் இருக்கும். சில நாளில் குஞ்சுகள் நுரை கரைந்து கீழே தண்ணீரில் சொட்டும். குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் என்றால் அங்கே விட முடியாதுதான். ஒரு அட்டைத் துண்டால் நுரையை உடையாமல் வழித்து, ஒரு பேசினில் தண்ணீருக்கு மேலே குச்சி வைத்து அதன்மேல் படுக்க வையுங்கள். தலைப்பிரட்டை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நேர்மையான வழி இல்லை. நீங்கள் எங்கும் போய்ப் பிடிக்கவில்லை, அதுவே உங்கள் வீடு தேடி வந்திருக்கிறது. அப்புறம் தொட்டிக்கு ஒழுங்காக மூடி போடுங்கள்.

எங்கள் தோட்டத்தில் இரவெல்லாம் சின்னத் தவளைகள் கத்துகின்றன. ஆனால் ஒரு தலைப்பிரட்டைகூட நான் பார்த்ததில்லை.
– தேயிலைத் தோட்டத் தொழிலாளி, வால்பாறை

நீங்கள் கேட்பது பெரும்பாலும் ராவோர்செஸ்டஸ் வகைப் புதர்த் தவளைகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இவை ஏராளம். இவற்றுக்குத் தண்ணீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. இலையிலோ ஈர மண்ணிலோ இடும் முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றமும் முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். அதே மலையில் இதற்கு நேர் எதிரானவரும் இருக்கிறார். 2003இல் ஆய்வாளர்கள் பிஜுவும் பொசூயிட்டும் இடுக்கியிலிருந்து உலகுக்கு அறிவித்த ஊதாத் தவளை வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கிறது, ஆனால் அதன் குஞ்சுகள் காட்டாற்றுப் பாறையில் வாயால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வெள்ளத்தில் தொங்குகின்றன. அதன் தம்பி இனம் ஒன்று 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அறியப்பட்டது. இவற்றையெல்லாம் அங்கேயே பார்த்து மகிழுங்கள். ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து, தேங்கிய தண்ணீர் என்று என் பேசினைக் கொட்டச் சொல்கிறார்கள். தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்னும் என்று வாதாடினேன். நான் சொன்னது சரிதானே?
– வாசகர், மதுரை

பாதிதான் சரி. மாமிசம் தின்னும் பெரிய தவளையின் குஞ்சு கொசுப்புழுவை விடாது. ஆனால் உங்கள் பேசினில் இருப்பது தேரைக் குஞ்சு என்றால் அது பாசி சுரண்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருக்கும். டெங்குக் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும், உங்கள் தலைப்பிரட்டைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எனவே வாதாடுவதை விட்டுவிட்டு வலை கட்டுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை டீ வடிகட்டியால் மேல்தண்ணீரைத் துழாவிப் புழுவை எடுத்துவிடுங்கள். வலையையும் வடிகட்டியையும் காட்டினால் பணியாளர்களும் புரிந்துகொள்வார்கள். மருந்து மட்டும் ஊற்றவிடாதீர்கள். கொசுவுக்காகக் கம்பூசியா மீன் விடலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அது 1928இல் கொசுவுக்கென்றே இந்தியாவுக்கு வந்த மீன், தலைப்பிரட்டையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

வால் போய்விட்டது. சுண்டுவிரல் நகத்தளவில் நான்கு குட்டித் தேரைகள். என் மகள் நான்குக்கும் பெயர் வைத்துவிட்டாள், விடவே மாட்டேன் என்கிறாள். வளர்க்கலாமா?
– ஒரு அம்மா, கும்பகோணம்

ஒரு வாரம் வைத்திருந்து பார்க்கச் சொல்லுங்கள், அவளே விட்டுவிடச் சொல்வாள். கீரை தின்றதெல்லாம் பழைய கதை. இனி அசைகிற உயிர் மட்டும்தான் இரை, அதுவும் அந்தக் குட்டி வாய்க்குள் நுழைகிற அளவில். கனிந்த வாழைப்பழத்தை ஒரு பாட்டிலில் போட்டுத் திறந்து வைத்தால் பழ ஈ வரும், அதைப் பேசினுக்குள் தட்டிவிடலாம். செடியில் அப்பிய அசுவினி, மட்கிய இலைக்கு அடியில் துள்ளும் பொடிப்பூச்சி, சின்னக் கரையான் எல்லாம் ஆகும். இது தினமும் வேண்டும். ஒரு நாள் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் நான்கும் பட்டினி. தேரை தண்ணீர் குடிப்பதில்லை, வயிற்றுத் தோலால்தான் உறிஞ்சுகிறது, எனவே மணல் எப்போதும் ஈரமாகவும் இருக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்டிருக்கிறார்கள். தவளைகளில் சில இனங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. காட்டிலிருந்தும் சரணாலயத்திலிருந்தும் எதையும் எடுக்கவே கூடாது. ஒரு காலத்தில் நம் தவளைகளின் காலை டன் டன்னாக வெளிநாட்டுக்கு ஏற்றினோம், 1987இல்தான் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. கூண்டுக்குள் தவளை வளர்க்கிற பழக்கத்தை இந்தப் பக்கத்தில் நான் ஊக்குவிக்க மாட்டேன்.

விடும்போது எடுத்த இடத்திலேயே விடுங்கள். வேறு குளத்தில் விட்டால் இங்கிருக்கும் நோயை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததாகிவிடும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் நல்ல நேரம். தண்ணீருக்குள் வீச வேண்டாம், கரையில் புல்லும் சருகும் உள்ள இடத்தில் கொட்டாங்கச்சியோடு கவிழ்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அவையே போய்விடும். கொட்டாங்கச்சியை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம், அடுத்த மழைக்கு வேண்டியிருக்கும்.

பல்லி முட்டை பற்றி வந்த கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். அதற்குள் யாரும் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு முட்டையைப் புரட்டிப் பார்க்க வேண்டாம்.